கை மாறிய முகவரி

2007-ஆம் ஆண்டு பிறந்த கையோடு கத்தார் தேசம் முழுவதும் ஒரு சின்ன தண்டனைக்கு ஆளானது. இன்டர்நெட்டில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்துவைத்திருக்கும் விக்கிபீடியா கலைக்களஞ்சியத்தில் யாரோ ஒருவர், அல்லது சிலர், கட்டுரைகளைக் கிறுக்கிக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிறுக்குபவரின் முகவரியை அடைத்துவிடுவது அங்கே அன்றாட வேலை. சம்பளம் வாங்காத நிர்வாகி ஒருவர் வழக்கம்போல் அடைத்தார். அவர் அடைத்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது ஓர் ஆள் அல்ல, ஒரு நாடு.

அப்போது கத்தாரில் இன்டர்நெட் தந்தது க்யூடெல் என்ற ஒரே கம்பெனி. அதன் வாடிக்கையாளர்கள் பார்க்கும் வலைப் பக்கங்கள் எல்லாம் வடிகட்டும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய் வரவேண்டும். வெளியுலகுக்குத் தெரிந்தது அந்த வடிகட்டியின் முகவரி மட்டுமே. தோஹாவில் உட்கார்ந்திருந்த ஷேக்கும், அங்கே பிழைக்கப் போன மலையாளியும் தமிழரும், கிறுக்கிய குறும்புக்காரரும் விக்கிபீடியாவின் கண்ணுக்கு ஒரே நபர். வாசிக்கத் தடை இல்லை. பெயர் பதியாமல் திருத்துவதும் புதிதாகப் பெயர் பதிவதும்தான் நின்றுபோயின. ஆனால் ‘கத்தாரையே தடை செய்துவிட்டது விக்கிபீடியா’ என்று செய்தி பரவியது. நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் அதை மறுக்க வேண்டியதாயிற்று. அரை நாளுக்குள் தடை நீங்கிவிட்டது.

தடை நீங்கியதே தவிர, அது எழுப்பிய கேள்வி நீங்கவில்லை. வாசலில் வந்து நிற்பது பதிலாள் என்றால், அவரை அனுப்பியவர் யார்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்ததாக நினைப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதிலாள் என்பதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ப்ராக்ஸி. வகுப்புக்கு வராத நண்பனுக்காக ‘எஸ் சார்’ சொல்லும் கல்லூரி வழக்கத்துக்கும் அதே பெயர்தான். அதில் வேலை செய்யும் சூட்சுமமும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் ஒரு வலைத்தளத்தைக் கேட்கிறார். கேள்வி நேரே போகாமல் ப்ராக்ஸியிடம் போகிறது. ப்ராக்ஸி தன் பெயரில் அதைக் கேட்டு வாங்கி வந்து தருகிறது. வலைத்தளத்தின் சர்வர் தன் பதிவேட்டில் ப்ராக்ஸியின் எண்ணை எழுதிக்கொள்கிறது. இதில் திருட்டுத்தனம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அலுவலகங்களும் கல்லூரிகளும் செலவைக் குறைக்கவும், வேண்டாத பக்கங்களைத் தடுக்கவும் ப்ராக்ஸி வைக்கின்றன. பெரிய வலைத்தளங்கள் கூட்டத்தைச் சமாளிக்கத் தங்கள் வாசலிலேயே ப்ராக்ஸிகளை நிறுத்திவைத்திருக்கின்றன. ஒளிந்துகொள்ள அதைப் பயன்படுத்துபவர்கள் இந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு பகுதி.

சர்வருக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்று: தன்னோடு நேரடியாகப் பேசும் கம்ப்யூட்டரின் முகவரி. இதைப் பொய்யாகச் சொல்வது மிகக் கடினம். பொய்யான முகவரி எழுதி ஒரு தபால் கார்டு போடலாம். பொய்யான நம்பரில் உட்கார்ந்துகொண்டு, திருப்பி வரும் டெலிபோன் அழைப்பை எடுக்க முடியாது. வலைத்தளத்தோடு தொடர்பு ஏற்படுவதற்கு முன் மூன்று முறை கைகுலுக்கல் நடக்கிறது. இங்கிருந்து ஒரு வணக்கம், அங்கிருந்து பதில் வணக்கம், மீண்டும் இங்கிருந்து ஒரு சம்மதம். பதில் வணக்கம் சொன்ன முகவரிக்குத்தான் போகும். அங்கே ஆள் இல்லையென்றால் பேச்சே தொடங்காது. ஆகவே கடைசியாக வந்த கை நிஜம். அதற்கு முந்தைய கைகள் எல்லாம் கேள்விப்பட்டவை.

கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரின் நிலைமையும் இதுதான். மேஜை முன்னால் ஒருவர் வந்து கவரை நீட்டுகிறார். ‘இது ஆற்காடு பெரியப்பா கொடுத்தனுப்பியது’ என்கிறார். மொய் எழுதுபவர் பார்த்தது நீட்டிய கையை. எழுதுவது பெரியப்பாவின் பெயரை. நீட்டியவர் வீட்டு மாப்பிள்ளை என்றால் தயங்காமல் எழுதலாம். முன்பின் தெரியாதவர் என்றால்?

கொடுத்தனுப்பியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் ப்ராக்ஸி உலகிலும் வந்தது. 1990-களில் பல்கலைக்கழகங்களும் இன்டர்நெட் கம்பெனிகளும் விரும்பிப் பயன்படுத்திய ஸ்க்விட் என்ற இலவச ப்ராக்ஸி மென்பொருளைச் செய்தவர்கள், கேள்வியோடு ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’: இன்னாருக்காக அனுப்பப்படுகிறது. எந்த அமைப்பும் கூடி விதி வகுக்கவில்லை. பயனாக இருந்ததால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். முறையான விதி ஒன்று வந்தது 2014 ஜூனில். அதற்குள் பழைய சீட்டு வேரூன்றிவிட்டிருந்ததால் புதியதை அதிகம் பேர் சீந்தவில்லை.

சீட்டை எழுதும் முறை எளிமையானது. ப்ராக்ஸி, தன்னிடம் வந்தவரின் முகவரியைச் சீட்டின் வலது ஓரத்தில் சேர்க்கும். அடுத்த ப்ராக்ஸி, முந்தைய ப்ராக்ஸியின் முகவரியை அதற்கும் வலப்புறம் சேர்க்கும். நான்கு கை மாறினால் ஒரு சரமே உருவாகிவிடும். சரத்தின் இடது கோடியில் இருப்பவர்தான் மூலவர். அப்படித்தான் ஏராளமான வலைத்தளங்களை எழுதிய புரோகிராமர்கள் நினைத்தார்கள். இடது கோடியை எடுத்து ‘வந்தவர் இவரே’ என்று பதிந்தார்கள்.

அங்கேதான் கோளாறு. முதல் ப்ராக்ஸிக்கு வரும் முன்பே, கேட்பவரே ஒரு சீட்டை எழுதி இணைத்துவிடலாம். எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம். ப்ராக்ஸி அதை விசாரிக்காமல், வலப்புறம் தன் வரியைச் சேர்த்து அனுப்பிவிடும். ஒரு முகவரிக்கு ஓர் ஓட்டு என்று கணக்கெடுப்பு நடத்தும் தளத்தில், வினாடிக்கு ஒரு பொய் எண்ணை எழுதி ஆயிரம் ஓட்டுப் போடலாம். தடை செய்யப்பட்டவர் வேறு எண் எழுதி உள்ளே வரலாம். இதைவிட மோசமானது, வேண்டாதவர் ஒருவரின் முகவரியை எழுதிவைத்துவிட்டு அசிங்கமாக எதையாவது செய்யலாம். பதிவேட்டில் மாட்டிக்கொள்வது அவர்.

ஆகவே சீட்டை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் பாடம். நேரில் வந்த கை நம்மவருடையதா? ஆம் என்றால் அவர் எழுதிய வலது ஓர எண்ணை நம்பு. அந்த எண்ணும் நம்மவருடையது என்றால் இன்னும் ஒரு படி இடப்பக்கம் நகரு. முன்பின் தெரியாத எண் வந்ததும் நில். அதுதான் உறுதியாகச் சொல்லக்கூடிய கடைசி ஆள். அதற்கும் இடப்புறம் எழுதியிருப்பது உண்மையாகவும் இருக்கலாம், ஊர்க்கதையாகவும் இருக்கலாம். விக்கிபீடியா செய்ததும் இதையே. தான் நம்பும் ப்ராக்ஸிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவை தரும் சீட்டுகளை மட்டும் ஏற்கிறது. பெரிய தளங்களின் வாசலில் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற கம்பெனிகள் வந்தவரின் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதித் தருகின்றன. அதிலும் அதே நிபந்தனைதான்: சீட்டைக் கொண்டுவந்தது நிஜமாகவே அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஏமாந்த தளங்கள் உண்டு.

எல்லாம் சரியாக நடந்தாலும் சீட்டில் சில நேரம் ‘10’ என்றோ ‘192.168’ என்றோ தொடங்கும் எண் வந்து நிற்கும். அவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்கும் எண்கள். உலகெங்கும் லட்சக்கணக்கான வீடுகளில் அதே எண் இருக்கிறது. ‘மாடி அறையில் இருப்பவர்’ என்று தெரிந்து என்ன பயன், எந்தத் தெரு என்று தெரியாதபோது?

சீட்டே எழுதாத ப்ராக்ஸிகளும் ஏராளம். 2008 டிசம்பர் 5-ஆம் தேதி பிரிட்டனில் அதுதான் நடந்தது. ஸ்கார்பியன்ஸ் என்ற ஜெர்மானிய இசைக்குழு 1976-இல் வெளியிட்ட இசைத்தட்டின் அட்டைப் படம் சட்ட விரோதமானதாக இருக்கலாம் என்று கருதிய இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன், அது இருந்த விக்கிபீடியா பக்கத்தைத் தன் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பக்கத்தைத் தடுப்பதற்காக, அங்கே பெரிய இன்டர்நெட் கம்பெனிகள் விக்கிபீடியாவுக்குப் போகும் போக்குவரத்து முழுவதையும் ப்ராக்ஸிக்குள் திருப்பின. விளைவு, லட்சக்கணக்கான பிரிட்டிஷ்காரர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில முகவரிகளுக்குள் சுருங்கிப்போனார்கள். நல்லவர் யார், கிறுக்குபவர் யார் என்று பிரிக்க வழியில்லை. பெயர் பதியாமல் திருத்த வந்தவர்கள் எல்லோரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். நான்கே நாளில், டிசம்பர் 9-ஆம் தேதி, அந்த அமைப்பு முடிவைத் திரும்பப் பெற்றது. தடுக்க நினைத்த படத்தை அதற்குள் எத்தனை பேர் தேடிப் பார்த்தார்கள் என்பது வேறு வேடிக்கை.

சீட்டு இல்லையென்றால் வேறு வழி உண்டா? உண்டு. வந்தவரின் வாயிலிருந்தே உண்மையைப் பிடுங்குவது. பழைய பிரவுசர்களில் ஜாவா, ஃபிளாஷ் போன்ற துணை மென்பொருள்கள் பிரவுசர் சொன்ன ப்ராக்ஸியை மதிக்காமல் நேராக வெளியே பேசும் பழக்கம் கொண்டவை. வலைப் பக்கத்தில் அப்படி ஒன்றை ஒளித்துவைத்தால் அது முக்காட்டை விலக்கிவிடும். 2015 ஜனவரியில் இன்னொரு ஓட்டை அம்பலமானது. பிரவுசர்களுக்குள்ளேயே வீடியோவில் பேசிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேர் நேரடியாகப் பேச வேண்டுமானால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அந்த வசதி வெளியே போய்த் தன் முகவரியை விசாரித்து வரும். சில வரி புரோகிராம் எழுதினால் எந்தப் பக்கமும் அந்தப் பதிலை எட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். காசு கொடுத்து மறைவு வாங்கியிருந்த பலர் அன்று கையும் களவுமாக நின்றார்கள். பிற்பாடு பிரவுசர்கள் ஓட்டையைப் பெருமளவு அடைத்தன.

போலீஸார் கையில் இதே வித்தை இன்னும் கனமாகிறது. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., குழந்தைகளை வதைக்கும் படங்களைப் பரிமாறிக்கொண்டிருந்த ‘ப்ளேபென்’ என்ற ரகசியத் தளத்தின் சர்வரைக் கைப்பற்றியது. அங்கே வந்தவர்கள் எல்லோரும் ‘டோர்’ என்ற, பல ப்ராக்ஸிகளை அடுக்கிய மறைவுக்குப் பின்னால் இருந்தார்கள். சீட்டும் கிடையாது, சரமும் கிடையாது. எஃப்.பி.ஐ. தளத்தை மூடவில்லை, வர்ஜீனியாவிலிருந்து சுமார் இரண்டு வாரம் தானே நடத்தியது. உள்ளே வந்தவர்களின் கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு புரோகிராமைப் புகுத்தி உண்மை முகவரியை அனுப்பவைத்தது. ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட் கையெழுத்திட்ட வாரண்டை வைத்து, 120 நாடுகளில் 8,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் துழாவப்பட்டன.

பிடிபட்டவர்களுக்காக யாரும் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனாலும் சில நீதிபதிகள், தன் எல்லைக்கு வெளியே துழாவ மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். 2016 டிசம்பரில் அதற்கு இடம் தரும்படி விதியே திருத்தப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்து வழக்கு ஒன்றில், புகுத்திய புரோகிராமை எதிர்த் தரப்புக்குக் காட்டச் சொன்னபோது, காட்டுவதைவிட வழக்கைக் கைவிடுவதே மேல் என்று 2017 மார்ச்சில் அரசு முடிவெடுத்தது. முகவரியைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல மாட்டோம், முகவரியை மட்டும் நம்புங்கள் என்பது மொய் மேஜையில்கூடச் செல்லாத வாதம்.

இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய முறை இன்டர்நெட் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஒதுக்கிய கையிருப்பு 2011 ஏப்ரலில் ஏறக்குறையத் தீர்ந்துபோயிற்று. பிறகு வந்த கோடிக்கணக்கான செல்போன்களுக்கு என்ன செய்வது? இந்திய செல்போன் கம்பெனிகள் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒரு முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கலாம். அந்த வகையில் ஒவ்வொரு செல்போன்காரரும் தெரியாமலே ஒரு குட்டிக் கத்தார் பிரஜை. புதிய ஆறாம் பதிப்பு முகவரிகள் ஆளுக்கொன்று தரும் அளவுக்குத் தாராளமானவை. ஆனால் பழைய முகவரியை மட்டுமே அறிந்த தளங்கள் இன்னும் இருக்கின்றன.

பங்கிட்ட முகவரியில் யார் வந்தார் என்று பிரித்தறிய ‘போர்ட்’ என்ற இன்னோர் எண் வேண்டும். வந்தவரின் போர்ட்டையும் சரியான நேரத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள் என்று 2011 ஜூனிலேயே இன்டர்நெட் விதிகளை வகுப்பவர்கள் பரிந்துரைத்தார்கள். பெரும்பாலான சர்வர்களின் வழக்கமான பதிவேட்டில் முகவரியும் நேரமும் இருக்கும், வந்தவரின் போர்ட் இருக்காது. விசாரணை வரும்போது பாதிச் சாவிதான் கையில் இருக்கும்.

நேரமும் சாமானிய விஷயம் அல்ல. வெளிநாட்டு சர்வர் கிரீன்விச் நேரத்தில் இரவு 8 மணி என்று எழுதியிருந்தால் இந்தியாவில் அது மறுநாள் அதிகாலை 1.30. முகவரிகள் மணிக்கொரு வாடகைதாரரிடம் போகக்கூடியவை. 5.30 மணி நேரத்தைக் கூட்ட மறந்த ஒரு குமாஸ்தாவின் கையால் ஒரு குற்றம் வேறு வீட்டுக்கு மாறிவிடும்.

முகவரி வீடு மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரில் உதாரணம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்துவந்த ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரை 2007 ஆகஸ்ட் கடைசி நாளில் புனே போலீஸார் கைது செய்தார்கள். ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தைப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம், ஒரு முகவரி. அந்த முகவரி யாருடையது என்று இன்டர்நெட் கம்பெனி எழுதித் தந்த பெயர் அவருடையது. கம்பெனி தந்த விவரம் தவறு என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் சிறையில் 50 நாள் கழித்துவிட்டார். அவர் ப்ராக்ஸி எதையும் தேடிப் போகவில்லை, ஒளியவில்லை, படத்தைப் பார்த்ததுகூட இல்லை. சங்கிலியில் ஒரு கை தவறாக எழுதியது. அடுத்த கைகள் எல்லாம் அதை அப்படியே வாங்கிக்கொண்டன. எண்ணுக்கு இருக்கும் மரியாதை ஆளின் வார்த்தைக்கு இல்லை. ‘கம்ப்யூட்டர் சொல்கிறது’ என்றால் மேற்கொண்டு கேட்பார் இல்லை. கம்ப்யூட்டர் அங்கே எதையும் சொல்லவில்லை, ஒரு மனிதர் பார்த்து எழுதினார் என்பதை வாரண்டோடு கிளம்பும்போது யார் யோசிக்கிறார்கள்?

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ பிறப்பித்த ஆணைகள் இந்தப் பள்ளங்கள் சிலவற்றைத் தொட்டன. சர்வர்களின் கடிகாரங்கள் அரசின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பவை நல்ல விதிகள். பெங்களூர்க்காரருக்கு அன்று தேவைப்பட்ட ஒழுங்கு அது. அதோடு, மறைவு விற்கும் வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தந்த முகவரி எல்லாவற்றையும் 5 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்றும் ஆணை சொன்னது. பதிவேடே வைக்காததுதான் தங்கள் சரக்கு என்று சொல்லும் சில வெளிநாட்டுக் கம்பெனிகள், அந்த ஜூனிலேயே இந்தியாவில் இருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போயின. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்திய முகவரியை விற்கத் தொடங்கின. பதிவேட்டில் இந்தியா என்று தெரியும், கம்ப்யூட்டர் இருப்பது வேறு நாட்டில். பிடி இறுக இறுக முகவரிக்கும் இடத்துக்குமான உறவு தளர்வதுதான் இதில் கண்ட பலன்.

அந்த உறவை அளவுக்கு மீறி நம்பியதால் அவதிப்பட்ட வீடு ஒன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூர் அருகே இருக்கிறது. முகவரி எந்த ஊருக்குரியது என்று சொல்லும் பட்டியலை விற்கும் மேக்ஸ்மைண்ட் என்ற கம்பெனி, ஊர் தெரியாமல் ‘அமெரிக்கா’ என்று மட்டும் தெரிந்த முகவரிகளுக்கு நாட்டின் நடுமத்தியில் ஒரு புள்ளியை ஒதுக்கியது. எண்கள் முழுசாக இருக்கட்டும் என்று 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என வைத்துக்கொண்டது. அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தருகே விழுந்தது. 60 கோடி முகவரிகள் அந்த வீட்டு வாசலைக் காட்டின.

மேக்ஸ்மைண்ட் அதை வீட்டு விலாசமாக நினைத்துத் தரவில்லை. வரைபடத்தில் புள்ளியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வாடகைக்குக் குடியிருந்த குடும்பத்தின் கதவைப் போலீஸார் தட்டினார்கள், வருமான வரிக்காரர்கள் தட்டினார்கள், தற்கொலை செய்துகொள்ளப் போவதாக எழுதிய முன்னாள் சிப்பாய்களைத் தேடி ஆம்புலன்ஸ் வந்தது. பணத்தை இழந்த எவரோ ஆத்திரத்தில் உடைந்த கழிப்பறைக் கோப்பை ஒன்றை வாசலில் போட்டுவிட்டுப் போனார். தொந்தரவு செய்யாதீர்கள், கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று அந்த வட்டாரத்து ஷெரீஃப் வாசலில் அறிவிப்பு நட்டுவைத்தார். காரணம் என்னவென்று அந்தக் குடும்பத்துக்கு விளங்கியது 2016-இல், ஒரு பத்திரிகையாளர் தோண்டிப் பார்த்து எழுதிய பிறகு. அதே ஆண்டு அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனி புள்ளியை இடம் மாற்றியது. இப்போது அது விச்சிட்டா நகருக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவில், தண்ணீருக்கு மேல் இருக்கிறது.